உப்பளம் பஸ்ஸும் பதினான்காம் கேள்வியும்

ஞானமேரி அக்கா ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்னால், கையிலிருக்கும் ஃபாரக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். நாய்க்குப் பயந்து இல்லை. உள்ளேயிருந்து வருகிறவர் "நீ யாரு, உன்னை யாரு அனுப்பிச்சா?" என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம். இத்தனைக்கும் அவர் பிறந்து வளர்ந்தது புதுச்சேரியின் உப்பளம் பகுதியில்தான். தட்டப்போகிற வீடுகளில் பாதிப் பேர் அவரைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள்.

அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. பாண்டிச்சேரி என்ற பெயரைப் புதுச்சேரி என்று மாற்றின வருஷம் அது. எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு அவருடையது.

அவருக்கு இந்தப் பயம் எப்போது வந்தது என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அவருடைய வீட்டுக்காரர் சவரிராயன் அண்ணன் முன்பு பஞ்சாலையில் வேலை பார்த்தார். ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போனவர் ஒன்பது மணிக்கே திரும்பி வந்துவிட்டார். டிபன் கேரியரைத் திறக்கவே இல்லை. கேட்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, இனிமேல் ஆலை ஓடாது என்று அதில் டைப் அடித்திருக்கிறது என்றார். அந்தத் தாளை யார் எழுதினார்கள், எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினார்கள் என்று கடைசிவரை ஒருவருக்கும் தெரியவில்லை. அண்ணன் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாகப் போய்ச் சேர்ந்தார். அக்காவுக்கு மட்டும் அன்றிலிருந்து டைப் அடித்த தாளைக் கண்டாலே பயம். கரண்ட் பில்லைக்கூட அண்ணனைத்தான் பிரிக்கச் சொல்வார்.

அப்படிப்பட்டவருக்குத் தாள்களைச் சுமந்து வீடு வீடாகப் போகிற வேலைதான் கிடைத்தது. உழவர்கரையில் ஒரு வாடகை வீட்டு மாடியில் ஒரு பொருளாதார ஆய்வு மையம் இருந்தது. ஆய்வுக்கு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கப் பெண்கள் தேவை என்று மாதா கோயில் அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள். பத்தாவது படித்திருந்தால் போதும். ஒரு ஃபாரத்துக்குப் பதினெட்டு ரூபாய்.

என்ன ஆய்வு என்று அக்கா எனக்குச் சொன்னபோது முதலில் எனக்கும் புரியவில்லை. பிறகு புரிந்த அளவில் எழுதுகிறேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் நம் ஊர்க் கம்பெனியின் பங்கை வாங்கி வைத்திருந்து, விலை ஏறினதும் விற்றுவிட்டுப் போனால் அது ஒரு வகை. அவரே இங்கே வந்து ஷெட் போட்டு, மெஷின் இறக்கி, ஆள் எடுத்து நடத்தினால் அதற்கு அந்நிய நேரடி முதலீடு என்று பெயர். புதுச்சேரிக்குள்ளேயே இருக்கிற மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அப்படி ஒரு இத்தாலிக்காரர் கம்பெனி இருந்தது. ஸ்கூட்டருக்கும் காருக்கும் உள்ளே ஓடுகிற ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சுற்றித் தருகிற கம்பெனி. அங்கே வருகிற பணம் சுற்றியுள்ள வீடுகளுக்குள் போகிறதா, இல்லை கேட்டோடு நின்று திரும்பிப் போய்விடுகிறதா? எந்தப் பகுதிக்கு எவ்வளவு போகிறது? இதைக் கண்டுபிடிப்பதுதான் ஆய்வு. செலவைக் கம்பெனி கொடுத்தது.

அந்தக் கம்பெனியின் பஸ் ஒன்று உப்பளத்துக்கு வந்துபோகும். விடியற்காலை ஐந்தரைக்கு ஸ்டேடியம் பக்கம் வந்து நிற்கும். முப்பத்திநாலு பெண்கள் ஏறுவோம். ஆமாம், நானும் அதில் ஒருத்தி. பிளஸ் டூ முடித்துவிட்டு மேலே படிக்க வழியில்லாமல் வீட்டில் முட்டி மோதிக்கொண்டிருந்தபோது கிடைத்த வேலை. அந்த பஸ் இல்லையென்றால் ஆறு மணி ஷிப்டுக்கு உப்பளத்திலிருந்து மேட்டுப்பாளையம் போய்ச் சேர வேறு வழியே இல்லை. நடந்தது முழுக்க அந்த பஸ்ஸைப் பற்றியதுதான்.

மையத்தில் ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். சூப்பர்வைசர் வெற்றிச்செல்வன் எல்லாரையும் கிண்டல் செய்துகொண்டே பேசுகிறவர். "பேப்பர்ல என்ன இருக்கோ அதைத்தான் கேக்கணும். சொந்தச் சரக்கு ஒண்ணும் சேக்கக் கூடாது. சாம்பார்ல நீங்க உப்புப் போடுங்க, என் கேள்வியில போடாதீங்க" என்றாராம். பெண்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஃபாரத்தின் முதல் தாளில் பெயர், கதவு எண், ரேஷன் கார்டின் நிறம். இரண்டாம் தாளில் பதினான்காம் கேள்வி இப்படி அச்சாகியிருந்தது: "இப்பகுதியில் மேற்கொள்ளப்பட்ட அந்நிய நேரடி முதலீட்டின் விளைவாகத் தங்கள் குடும்பத்திற்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ வருமானம் கிடைக்கிறதா?" பக்கத்தில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள். 'இல்லை' என்றால் நேராகப் பத்தொன்பதாம் கேள்விக்குப் போய்விடலாம்.

முதல் நாள் அக்கா இதை அப்படியே வாசித்தார். முதல் வீட்டு அம்மா கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "முதலீடா? நாங்க எந்த ஃபைனான்ஸ்லயும் போடல. போட்டதெல்லாம் ஏற்கெனவே ஓடிப்போச்சு" என்றார். அடுத்த வீட்டில் ஒருவர், "நீ எந்த ஃபைனான்ஸ்காரன்கிட்ட வேலை செய்யறே? உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லட்டுமா?" என்று சத்தம் போட்டார். இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் சில ஃபைனான்ஸ்காரர்கள் தெருவே அழும்படி பூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். முதலீடு என்ற சொல்லைக் கேட்டாலே ஜனங்களுக்கு அந்த ஞாபகம்தான். அன்று மாலைவரை நாலு ஃபாரம்தான் முடிந்தது. வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில் அக்காவுக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் அவர் கேள்வியில் உப்புப் போட்டார். "வெளிநாட்டுலேர்ந்து வீட்டுக்குப் பணம் எதாச்சும் வருதா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான், வேலை ஓடியது. எல்லாரும் கேள்வி முடிவதற்குள் "இல்லம்மா" என்றார்கள். இவர் 'இல்லை' கட்டத்தில் டிக் போட்டார். பத்தொன்பதுக்குப் போனார். ஒரு நாளைக்கு இருபது ஃபாரம் முடிந்தது. ஆறு தெருவில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடு. மூன்று வீட்டில் மட்டும், தாங்களாகவே இத்தாலிக் கம்பெனி பெயரைச் சொல்லி 'ஆம்' போட்டுக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் வேலையில் இருந்தேன். அம்மா பெயர் அமிர்தவல்லி. அப்பாவின் அக்கா செல்வாம்பாள் அத்தையும் எங்களோடுதான் இருக்கிறாள். அத்தையின் வீட்டுக்காரர் சொல்தா. அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் போன பிறகு மாதாமாதம் அத்தைக்கு பிரான்ஸிலிருந்து பென்ஷன் வருகிறது. எங்கள் பக்கம் இப்படி நிறைய வீடு உண்டு. அந்த வீடுகளில் எத்தனையோ வீட்டில் சிவப்பு ரேஷன் கார்டும் உண்டு. சிவப்புக் கார்டு ஏழைகளுக்கானது. பென்ஷன் விஷயம் வெளியே தெரிந்தால் கார்டு மஞ்சளாகிவிடும் என்பது எல்லாருக்கும் உள்ளூர இருக்கிற பயம். புதுச்சேரியில் ஒருவர் கதவைத் தட்டி 'வெளிநாட்டுப் பணம் வருதா' என்று கேட்டால், அதற்கு உப்பளத்தில் ஒரே ஓர் அர்த்தம்தான். அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்.

"இல்ல மேரி, அதெல்லாம் இல்ல" என்றாள் அம்மா. அடுப்படியிலிருந்து அத்தை, அவளைக் கேட்காமலேயே, "இல்லவே இல்ல" என்றாளாம்.

அதே ஊரில் பிறந்தவர்தானே, அக்காவுக்கு இது தோன்றவில்லையா என்று நான் பிறகு கேட்டேன். "தோணலடி. ஃபாரம் நகருதேன்னு சந்தோசத்துல இருந்தேன். பயந்தவளுக்குக் கண்ணு தெரியாது" என்றார்.

ஃபாரங்களை மையத்தில் கொடுத்துப் பத்து நாள் ஆகியிருக்கும். மத்தியானம் மூணேகாலுக்கு எங்கள் பஸ் ஸ்டேடியம் பக்கம் வந்து நின்றது. அக்கா மீன் வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்துகொண்டிருந்தார். நான் முதலில் இறங்கினேன். நீலக் கோட்டு, அதே துணியில் தொப்பி, விரலெல்லாம் டேப்பின் கறுப்புப் பசை.

"ஹேமா, நீ எங்கடி இதுல?"

"வேலைக்குப் போறேன்க்கா. நாலு மாசமாச்சு. விடியறதுக்கு முன்னாடியே போயிடறதால நீங்க பாத்திருக்க மாட்டீங்க. இத்தாலிக் கம்பெனி."

"உங்க வீட்ல இல்லன்னு சொன்னாங்களே" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் மற்றவர்கள் இறங்கத் தொடங்கினார்கள். அக்கா ஒவ்வொருத்தியையும் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. கதவு எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று அப்போது எனக்குத் தெரியாது. பச்சைக் கேட்டு போட்ட வீட்டுப் பெண் இறங்கினாள், அங்கே 'இல்லை'. கோயில் பின்சந்துப் பெண் இறங்கினாள், அங்கே 'இல்லை'. கடைசிப் பெண் இறங்கி பஸ் திரும்பிப் போன பிறகும் அக்கா அங்கேயே நின்றார். மீன் பையிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் கால் நனைந்துகொண்டிருந்தது.

அப்படியே எங்கள் வீட்டுக்கு வந்தார். பையைக்கூட வைக்கவில்லை.

"அமிர்தக்கா, பொண்ணு வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போறா. ஏன் இல்லன்னு சொன்னே?"

அம்மா கதவைச் சாத்தினாள். "நீ என்னா கேட்டே? வெளிநாட்டுப் பணம்னுதானே கேட்டே? உன் ஃபாரத்துல மொதத் தாள்ல ரேசன் கார்டு கலரு கேட்டுட்டு, ரெண்டாந் தாள்ல வெளிநாட்டுப் பணம் கேக்கறே. எவ சொல்லுவா? ஒன்ன பிரெஞ்சு கான்சுலேட்டுலேர்ந்து அனுப்பிச்சாங்களோ, ரேசன் கார்டு குடுக்கற சிவில் சப்ளைலேர்ந்து அனுப்பிச்சாங்களோன்னு தெருவே நடுங்கிக் கெடக்கு."

"நான் கம்பெனியைக் கேட்டேன்."

"கம்பெனின்னு நீ சொல்லவே இல்லியே, மேரி."

அத்தை உள்ளேயிருந்து வந்தாள். "இத போய் ஆபீஸ்ல சொல்லிடாதடி. சொன்னா நாங்க எல்லாம் மாட்டிக்குவோம்" என்றாள். அக்கா தலையை ஆட்டினார். சொல்வேன் என்றா, சொல்ல மாட்டேன் என்றா, அவருக்கே தெரிந்திருக்காது.

மறுநாள் அக்கா சம்பளம் வாங்க மையத்துக்குப் போனார். சுவரில் ஒரு பெரிய அட்டவணை ஒட்டியிருந்தது. டைப் அடித்த தாள். பகுதிவாரியாகக் கணக்கு. மேட்டுப்பாளையத்தை ஒட்டின கிராமங்களில் நூற்றுக்குப் பதினெட்டு வீடு, உழவர்கரையில் பதினொன்று. உப்பளத்தில் நூற்றுக்கு ஒன்றரை.

"பாத்தீங்களா மேரிம்மா, உங்க ஊரு நிலவரத்தை" என்றார் வெற்றிச்செல்வன். "வெள்ளிக்கிழமை அறிக்கை கம்பெனி கைக்குப் போவுது. கம்பெனிக்காரங்க மூணாவது ஷெட் போடறதா இல்ல வேற ஸ்டேட்டுக்குப் போறதான்னு யோசிக்கறாங்க. செலவைக் குறைக்கணும். ஒன்றரை வீட்டுக்கு எதுக்கு ஒரு பஸ்ஸு? அந்த அரை வீடு எதுன்னு கண்டுபிடிச்சு சைக்கிள் வாங்கிக் குடுத்துடலாம்."

அக்கா பணத்தைக்கூட வாங்காமல் படி இறங்கிவிட்டார்.

அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். டவுன் பஸ்ஸில் திரும்பி வரும்போது அவருக்குப் பஞ்சாலைக் கேட்டில் ஒட்டின தாள்தான் கண்ணில் நின்றதாம். அதை எழுதினது யார் என்று பத்து வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தாராம். 'இப்ப தெரிஞ்சிபோச்சு. என்னை மாதிரி ஒருத்தி எங்கியோ டிக்கு போட்டிருப்பா' என்று நினைத்தாராம்.

சொன்னால், ஏன் எல்லாரும் பொய் சொன்னார்கள் என்று கேட்பார்கள். தெருவின் கார்டு விஷயம் வெளியே வரும். சொல்லாவிட்டால் பஸ் நின்றுவிடும். முப்பத்திநாலு பெண்களின் சம்பளம் நின்றுபோகும். இரண்டில் எது நடந்தாலும் அதற்கு ஞானமேரி என்றுதான் தெரு பெயர் வைக்கும்.

அன்று மாலை சவரிராயன் அண்ணன் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னார். அண்ணன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார். "உங்க மையத்து டைரக்டரு கடிப்பாரா?"

"வெளையாடாதீங்க."

"கடிக்க மாட்டாருன்னா போய்ச் சொல்லு. வேலை போச்சுன்னா போச்சு. எனக்குப் போவலியா? அப்பறம் நான் சாவலியே, மண்டபத்துல தினம் பாயசம் சாப்புடறேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு தடவை குளியலறைக்குப் போய்விட்டு வந்தார்.

புதன்கிழமை காலை மைய இயக்குநர் ஜானகிராமன் சாரின் அறை வாசலில் அக்கா இருபது நிமிஷம் நின்றார். கையில் ஃபாரம் எதுவும் இல்லாததால் கைப்பையை அணைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வரச் சொன்னதும், வாசலிலேயே நின்று சொல்லிவிட்டார்.

"சார், உப்பளத்துல பதினாலாவது கேள்விய நான் தப்பா கேட்டுட்டேன். பேப்பர்ல இருக்கறத கேக்கல. 'வெளிநாட்டுலேர்ந்து பணம் வருதா'ன்னு கேட்டுட்டேன். கணக்கு தப்பு சார்."

ஜானகிராமன் சார் மெதுவாகப் பேசுகிறவர். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எல்லா வீட்லயுமா?"

"எல்லா வீட்லயும் சார்."

"அப்படிக் கேட்டாலும், கம்பெனியில வேலை செய்யறவங்க ஆமான்னுதானே சொல்லணும்? ஏன் இல்லன்னு சொன்னாங்க?"

இந்தக் கேள்விக்குத்தான் அக்கா பயந்துகொண்டிருந்தார்.

"நான் தப்பா கேட்டேன் சார்."

"அது சரிம்மா. அவங்க ஏன்..."

"நான் தப்பா கேட்டேன் சார்" என்றார் மறுபடியும்.

சார் அவரையே பார்த்தார். புதுச்சேரியிலேயே முப்பது வருஷம் இருந்தவர். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று அக்காவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவர் போனை எடுத்து யாரிடமோ அறிக்கை வெள்ளிக்கிழமை வராது, திங்கட்கிழமை வரும் என்றார். பிறகு அக்காவிடம், "நாலு நாள். ஆறு தெருவும் மறுபடி. அந்த ஒரு பக்கம் மட்டும் போதும். இதுக்குப் பணம் கிடையாது. பேப்பர்ல இருக்கறதை அப்படியே கேக்க வேணாம், அது என் தப்புதான், நான்தான் எழுதினேன். 'மேட்டுப்பாளையம் கம்பெனியால உங்க வீட்டுக்கு வருமானம் வருதா, யாராவது வேலைக்குப் போறாங்களா'ன்னு கேளுங்க" என்றார்.

வெற்றிச்செல்வன் புது ஃபாரக் கட்டை எண்ணிக் கொடுத்தார். இந்தத் தடவை கிண்டல் இல்லை. "மொதத் தாள் நிரப்பாம கொண்டாந்தா செல்லாது மேரிம்மா. எந்த வீடுன்னு தெரிஞ்சாத்தான் நான் செக் பண்ண முடியும். ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

வியாழக்கிழமை காலை அக்கா தெருவில் இறங்கியபோது கதவுகள் சாத்த ஆரம்பித்தன. ஒரே ஆள் இரண்டாம் தடவை வந்தால் அது சும்மா வருகிற வருகை இல்லை என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். யாரோ, பிரான்ஸிலிருந்து ஆள் வந்து பெரிய லாட்ஜில் தங்கியிருக்கிறான், மேரிதான் அவனுக்கு லிஸ்ட் கொடுக்கிறாள் என்று கிளப்பிவிட்டிருந்தார்கள். பச்சைக் கேட்டு வீட்டில் விளக்கு எரிந்தது, ஆனால் ஒருவரும் வரவில்லை. ஒரு பெண் ஜன்னலுக்குள்ளிருந்தே, "உனக்கு என்னா கெடுதல் செஞ்சோம் மேரி?" என்றாள். மத்தியானம் வரை இருபத்தெட்டுக் கதவைத் தட்டி ஆறு வீட்டில்தான் பேச முடிந்தது. ஆறிலும் 'இல்லை'.

மூணேகாலுக்கு நான் இறங்கி வீட்டுக்கு வந்தபோது அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தார். அம்மா நிலைப்படியில் நின்று வழியை மறித்துக்கொண்டிருந்தாள்.

"மறுபடி எழுதறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"அமிர்தக்கா, பென்சனை நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன். கம்பெனிய மட்டும்தான் கேக்கறேன். இல்லன்னு எழுதிக் குடுத்தா திங்கக்கெழம பஸ்ஸ நிறுத்திடுவாங்க."

"ஆமான்னு சொன்னா? பொண்ணு சம்பாரிக்கறான்னு மொதத் தாள்ல எம் பேரு, கதவு நம்பரு, கார்டு கலரு எல்லாம் ஏறிடும். நாளைக்கு எவனாவது வந்து கார்டப் புடுங்குவான்."

"அந்தத் தாள ஆபீஸ்ல பீரோல வச்சுப் பூட்டிடுவாங்கக்கா. வெளிய போவாது."

"பீரோவ எவன் தொறப்பான்னு உனக்குத் தெரியுமா?"

அது அக்காவுக்குத் தெரியாது. எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஜன்னல் ஓரம் ஆட்கள் நிற்பது எனக்குத் தெரிந்தது. பேசினால் அழுதுவிடுவேன் போல இருந்தது. வேலை போனால் மறுபடி வீட்டு ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்பது மட்டும் மனதில் ஓடியது.

அப்போது அக்கா ஒரு காரியம் செய்தார். ஃபாரத்தின் முதல் தாளைப் பின்னோடு பிடித்து டர்ரென்று கிழித்தார். அம்மாவின் கையில் வைத்தார். இரண்டாம் தாள் மட்டும் அட்டையில் இருந்தது. எந்த வீடு என்று காட்ட அதில் தெருப் பெயரைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"இதுல உன் பேரு இல்ல. நம்பரு இல்ல. இப்ப சொல்லு."

அந்தத் தாள் கிழிந்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அம்மா தாளைப் பார்த்தாள். பிறகு என் விரலைப் பார்த்தாள். அதில் கறுப்புப் பசை.

"பழைய ஃபாரம்?"

"அதுல இல்லன்னுதானே இருக்கு. அப்படியே கெடக்கட்டும்."

அம்மா நிலைப்படியை விட்டு விலகினாள். "எழுதிக்கோ" என்றாள். "ஆமா, போறா."

அக்கா டிக் போட்டதும் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. "எனக்கும் அந்த மொதத் தாளக் கிழிச்சுக் குடுப்பியா மேரி?" என்று கேட்டது அந்தக் குரல்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட அக்கா போகவில்லை. அன்று மாலைக்குள், முதலில் 'இல்லை' சொன்ன ஆறு வீட்டுக்கும் மறுபடி போய், ஆறு தெருவையும் முடித்தார். ஒவ்வொரு வாசலிலும் ஒரு தாள் கிழிந்தது. சிலர் அதை அங்கேயே கொளுத்தினார்கள். சிலர் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் வெற்றிச்செல்வன் சொன்னது அக்காவுக்குக் கனமாக இறங்கியது. முதல் தாள் இல்லாத இருநூற்றுப் பன்னிரண்டு ஃபாரம். ஒன்றும் செல்லாது.

திங்கட்கிழமை காலை கட்டை மேசைமேல் வைத்தார். வெற்றிச்செல்வன் புரட்டினார். இன்னும் புரட்டினார்.

"மொதத் தாள் எங்கம்மா?"

"அவங்ககிட்டயே குடுத்துட்டேன் சார்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அப்ப இது எந்த வீடுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது சார்."

"உங்களுக்குத் தெரியுமே. நீங்கதானே போனீங்க. உக்காருங்க, ஒவ்வொண்ணா சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

"மறந்துபோச்சு சார்" என்றார் அக்கா. இருநூற்றுப் பன்னிரண்டு கதவு எண்ணும் அவருக்கு மனப்பாடம். வாழ்க்கையில் ஓர் ஆபீசில் உட்கார்ந்து அவர் சொன்ன முதல் பொய் அதுதான் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

வெற்றிச்செல்வனுக்குக் கோபம் வந்துவிட்டது. "சார், இது சர்வேயே இல்ல. இவங்க வீட்ல உக்காந்து டிக்கு போட்டாங்களான்னுகூட நம்மால நிரூபிக்க முடியாது" என்றார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

ஜானகிராமன் சார் ஃபாரங்களைத் தெருத் தெருவாகப் பிரிக்கச் சொன்னார். 'ஆம்' என்று இருந்ததை மட்டும் எடுத்து எண்ணினார். முப்பத்தொரு வீடு. அதில் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பெண்கள் உள்ள வீடு இருபத்துநாலு. அந்த வீடுகளில் மொத்தம் இருபத்தாறு பெண்கள். மீதி ஏழு வீடு டிபன் போடுகிறவர், டெம்போ ஓட்டுகிறவர், இப்படி. பிறகு சார் கம்பெனிக்குப் போன் செய்து உப்பளம் பஸ்ஸில் ஏறுகிறவர்களின் பட்டியலை, பெயர் வேண்டாம், தெருவாரியாக எண்ணிக்கை மட்டும் அனுப்புங்கள் என்று கேட்டார். ஃபேக்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். டைப் அடிக்கிற கலைவாணி என்ற பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடிக்கக்கூட அவருக்குத் துணிவில்லை. டம்ளர் கீழே விழுந்துவிடுமோ என்று பயம்.

ஃபேக்ஸ் வந்தது. பஸ்ஸில் முப்பத்திநாலு பேர். எட்டுப் பேர் வேறு தெருக்கள். அந்த ஆறு தெருவில் இருபத்தாறு பேர். தெருத் தெருவாக ஒத்துப்போனது.

சார் வெற்றிச்செல்வனிடம் ஃபேக்ஸைக் கொடுத்தார். அவர் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு" என்றார். சார் அட்டவணையில் ஒன்றரையை அடித்துவிட்டு, பதினாலரை என்று எழுதினார். கீழே ஒரு அடிக்குறிப்பும் எழுதினார்: உப்பளத்தில் முதல் சுற்றில் பதினான்காம் கேள்வி உரிய முறையில் கேட்கப்படாததால், அது மறுபடி கேட்கப்பட்டது, முகப்புத் தாள்கள் சேகரிக்கப்படவில்லை. அக்காவின் பெயரை அதில் போடவில்லை.

பஸ் நிற்கவில்லை. ஆனால் தொடரும் என்றும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வருகிற மார்ச்சில் மறுபடி பார்ப்போம் என்று கம்பெனியில் சொன்னார்களாம். அக்காவை மையம் அடுத்த சர்வேக்குக் கூப்பிடவில்லை. சவரிராயன் அண்ணன், "இனிமே கரண்ட் பில்ல அவளே பிரிக்கறா, எனக்கு அந்த வேலையும் போச்சு" என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எங்கள் முதல் தாளை அம்மா கொளுத்தவில்லை. வைத்திருக்கவும் பயம், கொளுத்தவும் பயம். கடைசியில் அத்தையின் பென்ஷன் காகிதங்களோடு டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டாள். இப்போதும் யாராவது தெரியாத ஆள் கதவைத் தட்டினால் அம்மாவின் கண் முதலில் அந்தப் பெட்டிப் பக்கம்தான் போகும்.

நான் வேலை விட்டு வருகிறபோது அக்கா தினமும் தன் வீட்டு வாசலில் நிற்பார். "இன்னிக்கி எத்தன பேரு?" என்று கேட்பார். "முப்பத்திநாலு" என்பேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போவார். மார்ச்சுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தபோது ஒருநாள் நான் "முப்பத்திமூணு" என்றேன்.

"யாரு வரல?"

"பச்சைக் கேட்டு வீட்டுப் பொண்ணு. ஏன்னு தெரியலக்கா."

அக்கா அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எனக்கும் பயமாக இருந்தது, கூடவே போனேன். ஃபாரம் இல்லாமல் அவர் ஒரு கதவைத் தட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தட்டுவதற்கு முன்னால் அப்போதும் கொஞ்ச நேரம் நின்றார்.

அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல்தான்.